வாய்க்குப் பூட்டு! அறிவுக்குப் பழி!

காங்கேயத்தை அடுத்த வறண்ட மேட்டுநிலச் சிற்றூர். கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காட்டில் மாடு மேய்த்துக்கொண்டே, அரசுப் பள்ளியில் தமிழ்வழிப் பயின்று, நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறிய உழவன் மகன் ஒருவன் பொறியியல் கல்லூரிக்குள் நுழைகின்றான். அவன் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் அவனே. முதல் திங்களிலேயே அவனுக்கு ஒன்று நேர்கின்றது. சிறு நிகழ்ச்சிதான், ஆயினும் அவன் வாழ்வின் போக்கையே மாற்றிவிடுவது.

ஆசிரியர் கரும்பலகையில் சாய்தளம் ஒன்றை வரைகின்றார். அதன்மேல் ஓர் எடையை வைக்கின்றார். எடை கீழ்நோக்கி இழுக்கும் விசையை இரண்டாகப் பிரித்து அம்புக்குறி இடுகின்றார். விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் ஓடுகின்றது. அம்பு ஏன் இரண்டாயிற்று என்று அவனுக்கு விளங்கவில்லை. "ஐயம் ஏதும் உண்டா?" என்னும் வினாவும் ஆங்கிலத்திலேயே வருகின்றது. அவனுக்கு ஐயம் உண்டு. ஆனால் அவன் உள்ளத்தில் எழுந்த ஐயம் தமிழில் இருக்கின்றது. அதை ஆங்கிலமாக்க வேண்டும். சொல் தேட வேண்டும். பிழையில்லாமல் கோக்க வேண்டும். அறுபது பேர் நடுவே எழுந்து நின்று சொல்ல வேண்டும். எவரும் நகைக்காதிருக்க வேண்டும். இத்தனையும் கூடி வருவதற்குள் பலகை அழிக்கப்படுகின்றது. அடுத்த பாடம் தொடங்கிவிடுகின்றது. அவன் தலையை அசைத்து, ஐயம் இல்லை என்று காட்டிவிட்டு அமைதியாகின்றான்.

அன்று மூடிய வாய் நான்காண்டும் திறப்பதில்லை. தேர்வில் தாள்கள் தேங்குகின்றன. அப்போது தீர்ப்பு வருகின்றது: "நாட்டுப்புறத்துப் பிள்ளை, அடிப்படை போதாது, பொறியியல் படிக்கும் அறிவு இல்லை." அவன் தந்தையும் அதை நம்புகின்றார். எல்லாவற்றினும் கொடிது, அவனே அதை நம்புகின்றான்!

இது ஒருவன் கதையன்று. கொங்கு நாட்டுக் கல்லூரி வகுப்புகள்தோறும் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் கதை. இங்கே கேட்கப்பட வேண்டிய வினா ஒன்றே. அறிவு இல்லாமையால் அவன் வாய் மூடினானா? வாய் மூடப்பட்டமையால் அவனுக்கு அறிவு இல்லையென்று ஆயிற்றா?

பாட்டன் அறிந்த சாய்தளம்

அவன் பாட்டன் கவலை ஓட்டியவன். கிணற்றின் கரையில் உருளை, உருளையின்மேல் வடம், வடத்தின் நுனியில் நீர் முகக்கும் சால். காளைகள் மேட்டிலிருந்து சரிவை நோக்கி இறங்கும். சமநிலத்தில் இழுக்க விடாமல் சரிவுத் தடத்தில் அவற்றை இறக்கியது ஏன்? இறங்கும் காளையின் உடல் எடையில் ஒரு பங்கு இழுவையோடு சேர்ந்துகொள்கின்றது. கழுத்துக்கு நோவு குறைகின்றது. சால் எளிதில் மேலேறுகின்றது. கரும்பலகையில் இரண்டு அம்புக்குறிகள் சொல்ல முயன்றதும் இதையேயன்றி வேறன்று. ஒன்று தளத்தை அழுத்தும் பங்கு. மற்றொன்று தளத்தின் வழியே இழுக்கும் பங்கு.

"உன் பாட்டன் காளையைச் சரிவில் ஏன் இறக்கினார்?" என்று ஆசிரியர் தமிழில் ஒரே ஒரு வினா விடுத்திருந்தால், அவ்வுழவன் மகன் முந்தியெழுந்து விடை கூறியிருப்பான். சரிவு கூடினால் என்னாகும், குறைந்தால் என்னாகும் என்று அவனே அடுத்த வினாவை எழுப்பியிருப்பான். கணக்கு அதன்பின் தானே வரும். அவனிடம் அறிவியல் இல்லாமல் இல்லை. அவனிடமிருந்த அறிவியலைக் கல்லூரி வாயிற்படிக்கு வெளியே கழற்றிவைத்து விட்டு வரச்சொன்னது எது? அதுதான் இங்கே குற்றவாளி.

நன்னூல் சொன்ன நான்கு கால்

கற்றல் என்பது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை மேலைநாட்டுக் கல்வியாளரிடம் கடன்கேட்டு அறியவேண்டிய நிலையில் தமிழர் இல்லை. நன்னூல் எழுதிய பவணந்தியார் அதை அளந்தே சொல்லியிருக்கின்றார். அவர் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தில் பிறந்தவர் என்பது கொங்கு மக்கள் பெருமையோடு போற்றிவரும் வழக்கு. ஆசிரியர் உரைப்பதை மாணவன் எவ்வளவு கருத்தாகக் கேட்டாலும் அவனுக்குக் கிட்டுவது கால்பங்கே என்கின்றார் அவர். உடன் பயில்வாரோடு பழகிப் பேசுவதால் இன்னொரு கால் வருகின்றது. கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரை நிறைகின்றது. வினவுவதும் வினவியதற்கு விடை கூறுவதும் மாணவனின் கடமை என்று அவர் தெளிவாக வகுத்திருக்கின்றார்.

இந்த அளவுகோலை இன்றைய பொறியியல் வகுப்பில் வைத்துப் பார்க்கவேண்டும். ஆசிரியர் தரும் முதற்காலே அயல்மொழியில் வருவதால் பாதி வழியிலேயே சிந்திவிடுகின்றது. உடன் பயில்வார் தரும் இரண்டாங்கால் விடுதி அறையில் மட்டும், ஒளிவாகத் தமிழில் நடக்கின்றது. அதையும் குறையென்று கருதி மறைக்கும் நிலை. பிறர்க்கு எடுத்துரைக்கும் அரைப்பங்கோ அடியோடு போயிற்று. ஏனெனில், ஆங்கிலத்தில் உருப்போட்டதை எவர்க்கும் எடுத்துரைக்க முடியாது. ஒப்பிக்கத்தான் முடியும்.

ஆகவே தோற்றவனை மட்டும் பார்த்து இரங்குதல் போதாது. தேறியவன் நிலை அதனினும் இரங்கத்தக்கது. ஐயம் கேட்க வழியில்லாதவன் கணக்கைப் புரியாமலே மனப்பாடம் செய்கின்றான். கேள்வித்தாளில் எண் மாறாமல் வந்தால் தேறுகின்றான். மாறி வந்தால் திகைக்கின்றான். பட்டம் கையில் இருக்கின்றது. பொறியின் முன் நின்றால் கை நடுங்குகின்றது. படித்து வருகின்றவர்கள் வேலைக்கு உதவவில்லை என்று தொழில் முதலாளிகள் குறைகூறுகின்றார்கள். குறை உண்மையே. ஆனால் அக்குறையின் வேர் எங்கே இருக்கின்றது என்று அவர்கள் தோண்டிப் பார்த்ததுண்டா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவ்வகுப்பில் பாடம் சொல்பவரும் தமிழர், கேட்பவனும் தமிழன். இடையில் நிற்பது மட்டும் ஆங்கிலம். அந்த ஆசிரியரும் ஒருநாள் இதே கடைசி வரிசையில் வாய்மூடி அமர்ந்திருந்தவரே. குறிப்பேட்டில் உள்ளதை ஆங்கிலத்தில் சொல்ல அவரால் முடியும். எதிர்பாராத வினா எழுந்தால் அதற்கு ஆங்கிலத்தில் விளக்கம் சொல்ல அவர்க்கும் தயக்கம். ஆதலால் வினா எழாத வகுப்பு அவர்க்கும் ஆறுதலாகவே இருக்கின்றது. இருவர் அச்சமும் ஒன்றையொன்று காத்துக்கொண்டு நிற்க, நடுவே கல்வி சாகின்றது.

பட்டறையில் பூட்டில்லை

கல்லூரியிலிருந்து சில கல் தொலைவு சென்றால் கோவையின் பட்டறைகள். அங்கே காட்சி வேறு. பள்ளியைப் பாதியில் விட்ட பையன் ஒருவன் கடைசல் பொறியருகே நிற்கின்றான். "ஏனுங்கண்ணா, இது ஏன் இப்படிச் சூடேறுதுங்க?" என்று கேட்கின்றான். மூத்த தொழிலாளி வேலையை நிறுத்தி, உராய்வு எங்கே மிகுகின்றது, எண்ணெய் எங்கே சென்று சேரவில்லை என்று தொட்டுக் காட்டுகின்றார். பையன் மறுபடியும் கேட்கின்றான். வசவும் வாங்குகின்றான். ஆனால் கேட்பதை நிறுத்துவதில்லை. அங்கே கேள்விக்கு இலக்கணப் பிழை கிடையாது. நான்கே ஆண்டில் அவன் ஒலியைக் கேட்டே பொறியின் நோயைச் சொல்லிவிடுகின்றான்.

கோவையைத் தொழில் நகராக்கியவர்களுள் முதன்மையானவரும் இவ்வழியில் வந்தவரே. கலங்கலில் 1893-ஆம் ஆண்டு பிறந்த கோ.து. நாயுடு (ஜி.டி. நாயுடு) பள்ளிப் படிப்பைத் தொடக்கத்திலேயே விட்டவர். வெள்ளைக்கார அலுவலர் ஒருவரின் உந்துருளியைக் கண்டு வியந்து, உணவகத்தில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதனை விலைக்கு வாங்கினார். ஓட்டி மகிழ்வதோடு நில்லாமல், அக்கக்காகக் கழற்றி மறுபடியும் பூட்டினார். கழற்றிய ஒவ்வோர் உறுப்பும் அவர் விடுத்த ஒரு வினா. பூட்டியது ஒவ்வொன்றும் அவர் கண்ட விடை. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டார். 1937-இல் பாலசுந்தரம் என்பாருடன் சேர்ந்து இந்நாட்டில் உருவான முதல் மின்னோடியைக் கோவையில் இயக்கிக் காட்டினார். அவர் பின்னாளில் ஆங்கிலமும் அறிந்தார், உலகமும் சுற்றினார். ஆனால் பொறியறிவின் வேர், ஆங்கிலம் வந்து ஊற்றிய நீரில் முளைத்ததன்று.

திருச்செங்கோட்டுத் துளைப்பொறி வண்டிகள் வடபுல மாநிலங்கள்வரை சென்று ஆழ்கிணறு தோண்டுகின்றன. நாமக்கல்லில் சரக்குந்துகளுக்குக் கூடு கட்டுகின்றார்கள். காங்கேயத்து நெல்லரவை ஆலைகளிலும் தேங்காய் எண்ணெய் ஆலைகளிலும் பழுதுபார்க்கும் கைகள் உள்ளூர்க் கைகளே. இவர்களுள் பெரும்பாலோர்க்குத் தொழில் சொல்லித் தந்த மொழி எது? தொழில் வளர்க்கும் வல்லமை தமிழுக்கு உண்டா என்று ஐயுறுவோர், ஒரு நாள் கோவைப் பட்டறைத் தெருவில் நடந்து பார்க்கட்டும்.

இது நேற்று முளைத்த வல்லமையும் அன்று. காங்கேயத்திற்கு வடக்கே, நொய்யலாற்றின் கரையில் உள்ளது கொடுமணல். பதிற்றுப்பத்து குறிக்கும் கொடுமணம் இவ்வூரே என்பர். 1985-இல் தொடங்கி நடந்த அகழாய்வுகளில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. கடல்நீர் நிறப் பச்சைக்கல்லை அறுத்துத் துளையிட்டு மணியாக்கிய தொழிற்கூடத்தின் தடயங்கள் வெளிப்பட்டன. அக்கல் கிடைத்த படியூர் இன்றும் காங்கேயத்திலிருந்து திருப்பூர் செல்லும் வழியில் இருக்கின்றது. இவற்றோடு நூற்றுக்கணக்கான பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டிருந்தன. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் எஃகு உருக்கி, கல் இழைத்து, கடல் கடந்து வாணிகம் செய்த ஊரில், புழங்கு பானையில் தம் பெயரைத் தம் எழுத்தில் கீறிவைத்த மக்கள் வாழ்ந்தார்கள். உலையின் சூட்டையும் கல்லின் கடினத்தையும் அவர்கள் எந்த மொழியில் வினவியிருப்பார்கள்? அவர்தம் வழிவந்த பிள்ளையே இன்று எஃகைப் பற்றிய பாடத்தில் எழுந்து ஒரு வினா கேட்க மொழியின்றி நிற்கின்றான்!

பாதியில் நின்ற பாலம்

இப்பிள்ளைக்கு வழியமைக்க எவருமே முயலவில்லை என்று சொல்லுதல் நன்றிகொன்ற செயலாகும். முயன்றவர்கள் இருந்தார்கள். அவர்களுள் பலர் கொங்கு மண்ணினரே.

கோவையைச் சேர்ந்த தி.சு. அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராய் இருந்தபோது உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்றுமொழியாக்க முனைந்து நின்றார். 1946-இல் அவர் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. ஈரோட்டுப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன் அதன் முதன்மைப் பதிப்பாசிரியர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய பேராசிரியர் தாமோதரன், அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் தமிழில் சொல்வதற்கென்றே கோவையிலிருந்து 'கலைக்கதிர்' என்னும் திங்களிதழை நடத்தினார். பொள்ளாச்சிப் பகுதியிற் பிறந்த சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராய் இருந்த 1960-இல், கல்லூரிப் பாடங்களைத் தமிழில் கற்பிக்கும் முதல் முயற்சி கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. அவர்களுள் எவரும் தனித்தமிழ் இயக்கத்தார் அல்லர். அவர்தம் நடையில் வடசொல் கலந்திருந்தது உண்மை. எனினும் அவர்கள் பாலம் கட்டினார்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

அப்பாலம் பாதியில் நின்றுவிட்டது, அதுதான் கேடு! பள்ளி தமிழில், கலைக் கல்லூரி தமிழில், பொறியியலும் மருத்துவமும் மட்டும் ஆங்கிலத்தில்! உழவன் மகனைப் பன்னிரண்டாண்டு தமிழ்ப் பாலத்தின்மேல் நடக்கவிட்டு, ஆற்றின் நடுவில் பாலத்தை அறுத்து, "இனி நீந்து" என்கின்றார்கள். நீந்தத் தெரியாமல் மூழ்கினால், கால் வலுவில்லாதவன் என்கின்றார்கள்!

அரை நூற்றாண்டுக்குப் பின்னரே, 2010-இல், அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. அதே ஆண்டு, தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு இருபது இடம் ஒதுக்கும் சட்டமும் வந்தது. நற்செயல்கள்தாம். ஆனால் விதையைத் தூவியவர்கள் நீர் ஊற்றினார்களா? போதிய நூல்கள் இல்லை. தமிழில் பாடம் சொல்லும் பயிற்சி ஆசிரியர்க்கு இல்லை. தனியார் தொழிலகங்களில் இப்பட்டத்துக்கு மதிப்பு உண்டென்று எடுத்துச் சொல்வாரும் இல்லை. சேர்க்கை குறைந்தது. 2023-இல் உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்தப் போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது; எதிர்ப்பு எழுந்தபின் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பட்டினி போட்டுவிட்டுக் குழந்தை மெலிந்திருக்கின்றது என்று கைவிடுவது எந்த நயன்மை?

பிறர் செய்தார், தமிழர்க்கும் செய்தார்

தமிழில் உயர்தொழிற்கல்வி இயலாது என்பார்க்கு விடை சொல்ல, ஒரு வெள்ளைக்காரரே சான்றாக நிற்கின்றார். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். கற்றுத் தேறியவர்கள் சிற்றூர்களில் தங்காமல் அரசு வேலை தேடிப் போய்விடுவதைக் கண்டார். மக்கள் நடுவே மக்கள் மொழியில் மருத்துவம் தழைத்தால்தான் ஊருக்கு உதவும் என்று முடிவு செய்தார். தாமே தமிழ் கற்றார். 1864 முதல் மருத்துவக் கல்வியையே தமிழுக்கு மாற்றினார். அறுவை மருத்துவம், உடலியங்கியல், வேதியல் ஆகியவற்றில் நூல்களைத் தமிழில் ஆக்கினார், ஆக்குவித்தார். அந்நூற்பெயர்களில் வடசொல் மிகுதியே. அது அக்காலக் குறை. ஆனால் தமிழ் மாணவன் தமிழில் ஐயம் கேட்டு, தமிழில் விடை பெற்று, மேலை மருத்துவம் கற்றான் என்பது வரலாறு. 150 ஆண்டுகளுக்கு முன், கடல் கடந்து வந்த அயலார் ஒருவர் செய்ததை, தமிழ்நாட்டைத் தமிழர் ஆண்டும் செய்ய முடியவில்லை என்றால் அது மொழியின் குறையா? மானத்தின் குறையா?

ஐதராபாத்தில் 1918-இல் தோன்றிய உசுமானியா பல்கலைக்கழகம், மருத்துவமும் பொறியியலும் உட்பட உருது மொழியிலேயே கற்பித்தது. அதற்கென நூல்களை மொழிபெயர்க்கத் தனித்துறையே வைத்தது. சப்பான் தன் பல்கலைக்கழகங்களில் முதலில் அயல்நாட்டுப் பேராசிரியர்களை அமர்த்தி, அயல்மொழியில் கற்றது. பின் தன் மக்களையே பேராசிரியராக்கித் தன் மொழிக்கு மாறிக்கொண்டது. 2008-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரான தொசிகிதே மசுகாவா, பரிசுப் பேருரையைத் தம் தாய்மொழியாகிய சப்பானியத்திலேயே ஆற்றினார். ஆங்கிலம் பேச வராது என்று அவர் ஒளிக்கவில்லை, நாணவும் இல்லை. அணுவினும் நுண்ணிய துகள்களைப் பற்றி வினா எழுப்ப அவர்க்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. காங்கேயத்துப் பிள்ளைக்கு ஒரு சாய்தளத்தைப் பற்றி வினவ மட்டும் ஆங்கிலம் வேண்டுமாம்!

மூன்று மறுப்பும் விடையும்

தமிழில் கலைச்சொல் இல்லை என்பது முதல் மறுப்பு. சொல் வழக்கில் இல்லாமல் வகுப்பு நின்றதா? வகுப்பு இல்லாமல் சொல் நின்றதா? பயன்படுத்தாத கத்தி துருப்பிடிக்கும். வழங்காத சொல் அகராதியிலேயே உறங்கும். விசை, முடுக்கம், உராய்வு, நெம்புகோல், மின்னோட்டம், அழுத்தம் என்னும் சொற்களைப் பள்ளிப் பிள்ளைகள் இயல்பாக வழங்குகின்றார்கள். பள்ளியில் நாவுக்கு இசைந்த சொல், கல்லூரி வாயிலைக் கடந்ததும் கரடுமுரடாகிவிடுமா?

தமிழில் படித்தால் வேலை கிடைக்காது என்பது இரண்டாம் மறுப்பு. பெற்றோர் அச்சம் இது. இதை எள்ளுதல் கூடாது. கடன்பட்டுப் படிக்கவைக்கும் உழவனுக்குப் பிள்ளையின் வேலையே உயிர். ஆனால் ஆங்கிலத்தில் ஒப்பித்துத் தேறியவர்க்கு எல்லாம் வேலை காத்திருக்கின்றதா? வேலைக்கு அழைப்போர் கேட்பது பொறியறிவு. அது புரிந்து கற்றவனிடமே இருக்கும். புரிதல் வினாவில் பிறக்கும். வினா தாய்மொழியில் பிறக்கும். ஆதலின் வேலைக்கும் வழி தாய்மொழியே.

ஆங்கிலம் வேண்டாமா என்பது மூன்றாம் மறுப்பு. ஆங்கிலத்தை மொழியாகக் கற்க எவரும் தடை சொல்லவில்லை. உலகத்து நூல்களைப் படிக்க அது ஒரு சன்னல். சன்னலைத் திறந்துவைக்கலாம். வீட்டின் கதவைப் பெயர்த்துவிட்டுச் சன்னல் வழியே ஏறிக் குதித்து வா என்றால், அதை அறிவென்று எவர் ஒப்புவர்?

தமிழன்பர் செய்யத்தக்கன

அரசையும் பல்கலைக்கழகத்தையும் குறைகூறுவதோடு தமிழன்பர் கடமை தீர்ந்துவிடாது. மேடையில் தமிழ் முழக்கம். வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலப் பள்ளி! இந்த இரட்டை நாவை முதலில் அறுக்கவேண்டும். கலைச்சொல் ஆக்குவதில் காட்டும் ஊக்கத்தை, அச்சொற்களை வைத்துப் பாடநூல் எழுதுவதிலும் காட்டவேண்டும். ஒரு சொல் தூயதா, கலப்பா என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடும் புலவர்கள், அச்சொல்லைக் கேட்டுக் காத்திருக்கும் மாணவன் ஒருவன் இருப்பதையும் நினைக்கவேண்டும். அவன் ஐயம் கேட்கும்போது 'மோட்டார்' என்று சொல்லிவிட்டால், அவனை இடைமறித்துத் திருத்துவது தமிழ்த்தொண்டாகாது. முதலில் ஐயம் தீரட்டும். விடையில் 'மின்னோடி' வரட்டும். அடுத்த முறை அவனே அச்சொல்லை ஆள்வான். நாணச் செய்து வாய் மூட வைப்பது ஆங்கிலம் செய்யும் வேலை. அதைத் தமிழின் பெயரால் செய்தல் கூடாது.

கொங்கு நாட்டில் தமிழறிந்த பொறிஞர்க்குப் பஞ்சமில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் உண்டு. பட்டறை முதலாளி உண்டு. மின்வாரியத்துப் பொறியாளர் உண்டு. கிழமைக்கு ஒரு மாலை, ஊர்ப் பள்ளியிலோ படிப்பகத்திலோ அமர்ந்து, கல்லூரிப் பிள்ளைகளின் ஐயங்களைத் தமிழில் கேட்டுத் தமிழில் தீர்த்துவைக்க அவர்களால் முடியும். இதற்கு அரசாணை வேண்டுவதில்லை, பணம் வேண்டுவதில்லை. ஒரு கரும்பலகையும் பொறுமையும் போதும். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித் தரட்டும். பவணந்தியார் சொன்ன அரைப்பங்கு, சொல்லித் தருபவனுக்கே முதலில் கிட்டும்.

பட்டறைகளில் வழங்கும் தமிழ்த் தொழிற்சொற்களை, முதியவர்கள் மறைவதற்குள் தொகுத்துவைப்பதும் உடனடிக் கடமை. வார்ப்படம், கடைசல், துருத்தி, மரை, குறடு, அச்சு என்று உழைக்கும் மக்கள் நாவில் வாழ்பவை, குளிரறையில் அமர்ந்து ஆக்கிய சொற்களைவிட உரமானவை. பொறியியல் பாடநூலுக்கு அவை அடிக்கல்லாகும்.

அரசு செய்யவேண்டுவனவும் தெளிவானவை. வகுப்பில் தமிழில் வினவவும் தேர்வில் தமிழில் விடையெழுதவும் எல்லாப் பொறியியல் மாணவர்க்கும் உரிமை வேண்டும். ஒவ்வொரு பாடத்திற்கும் நல்ல தமிழ்நூல் வேண்டும். தமிழில் கற்பிக்க ஆசிரியர்க்குப் பயிற்சி வேண்டும். சேர்க்கை குறைவென்று தமிழ்வழிப் பிரிவை மூடும் எண்ணம் இனி எழலாகாது.

கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அவ்வுழவன் மகனுக்கும் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. அவன் அறிவிலி அல்லன். ஐயம் எழுந்ததே அறிவுண்மைக்குச் சான்று. கல்லுக்கு ஐயம் எழுவதில்லை. அவன் எழுந்து நிற்கட்டும். அறுபது பேரும் திரும்பிப் பார்க்கட்டும். "ஐயா, விளங்கவில்லை, தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்கட்டும். அவன் ஒருவன் கேட்டால், அதே ஐயத்தை விழுங்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் நாற்பது பேர் மூச்சு விடுவார்கள். ஒருவேளை அந்த ஆசிரியரும் மூச்சு விடுவார்.

பூட்டு பெரிதுதான். ஆயினும் அது துருப்பிடித்த பூட்டு. ஓங்கி ஒருவன் தட்டினால் தெறிக்கும்.

வினவுக தமிழன்! வெல்க தமிழ்!